முல்லைக்காரரின் காப்புக் குளிசை

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்களில் வேலை செய்தவர்கள் கதிர்காமத்தம்பியை முதலில் காதால்தான் அறிந்திருப்பார்கள். வரம்பின் ஒரு தலைப்பில் நின்று அவர் கூப்பிட்டால், மறு தலைப்பில் தண்ணீர் குடிக்கும் எருமையும் தலை நிமிரும் என்று கதிர் அறுக்கும் வெட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஆள் உயரமில்லை. தோள் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். வேலப்போடியார் வட்டையில், அதாவது அவரது வயல்வெளியில், அவர்தான் முல்லைக்காரர். போடியார் நிலத்துக்குச் சொந்தக்காரர். முல்லைக்காரர் அந்த நிலத்தில் நிற்பவர். விதைப்பிலிருந்து கதிரைச் சூடடித்து நெல் வண்டியேறும் வரைக்கும் ஆட்களும் வேலையும் அவர் பொறுப்பு.

பிறந்தது வவுணதீவுப் பக்கம். மாடு மேய்க்க முடியாத மழை நாட்களில் மட்டும் பள்ளிக்கூடம் போனவர். அந்த மழைப் படிப்பில் கையெழுத்தும் கூட்டல் கழித்தலும் வந்தன. மற்றதெல்லாம் வயலில் கற்றது. ஒரு காரியம் சரியென்று மனதில் பட்டுவிட்டால் பிறகு யாரையும் கேட்க மாட்டார். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் விதைநெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மருதமரத்தில் ஏறியவர் அவர். கூட ஏறியவள் மனைவி நாகரெத்தினம்.

"நல்ல தடிச்ச கிளையில நெல்லு இருந்த. ஒடியிற கிளையில நான் இருந்தன்" என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"நெல்லுக்கு நீந்தத் தெரியாதே புள்ள" என்பார் அவர்.

கதிர் வெட்டுக் காலம் வந்தால் வயலோரம் வாடி போட்டு ஆட்கள் அங்கேயே தங்குவார்கள். ஓலைக் கூரை, மண் தரை, ஒரே அடுப்பு. நாகரெத்தினம்தான் எல்லோருக்கும் சோறாக்குவாள். குடிப்பதும் குளிப்பதும் வாய்க்கால் தண்ணீரில். வெளிக்குப் போவதும் அந்த வாய்க்காலின் கரையில்தான். இதனால் ஒரு வருடம் வாடி முழுவதும் வயிற்றுளைவு. சீதமும் இரத்தமுமாகப் போய், கதிரறுக்கும் தாக்கத்தி பிடிக்க ஒரு கைகூட இல்லை. கதிர் வயலில் சாய்ந்து முளைக்கத் தொடங்கியது. அப்போது பட்டினத்திலிருந்து வந்த ஒரு மருத்துவர் மஞ்சளும் கறுப்புமான குளிசைகளைக் கொடுத்தார். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து சோறு கேட்டார்கள். கதிர்காமத்தம்பி அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே அவர் மனதில் ஒரு கணக்கு விழுந்தது. வந்த நோயையே இந்தக் குளிசை இப்படி விரட்டுகிறது என்றால், வருவதற்கு முன்னமே விழுங்கி வைத்தால் நோய் கிட்ட வருமா?

அடுத்த வெட்டிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. போடியார் மருந்துக் கடையில் பெரிய போத்தலாக வாங்கிக் கொடுத்தார். வயல் மூலையில் பொங்கி, பூசை முடித்து, முதல் கதிரை அறுப்பதற்கு முன் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். முல்லைக்காரர் ஒவ்வொருவர் வாயிலும் தன் கையாலேயே ஒரு குளிசையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு வெள்ளிக்கு வெள்ளி ஒன்று. கடைசியில் தானும் ஒன்று போட்டுக்கொள்வார். அம்மன் கோயில் சடங்குக்குக் கையில் காப்புக் கட்டுவது போல இது வயிற்றுக்குக் கட்டும் காப்பு. 'காப்புக் குளிசை' என்றே அதற்குப் பேர் விழுந்தது.

பல வெட்டு நல்லபடியாக முடிந்தது. மழை குறைந்த ஆண்டுகள், ஆட்கள் குறைந்த ஆண்டுகள் என்று வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். கதிர்காமத்தம்பிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. குளத்தைச் சுற்றியிருந்த மற்ற வாடிகளுக்கும் செய்தி போனது. வசதியான முல்லைக்காரர் முழுக் குளிசை கொடுத்தார்கள். வசதி குறைந்தவர்கள் கூட்டைப் பிரித்துத் தூளை ஆளுக்குக் கொஞ்சமாகத் தேநீரில் கலக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வெட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்கென்று ஒன்றிரண்டை மடியில் முடிந்துகொண்டு போனார்கள்.

எழுபத்துநாலாம் ஆண்டு வெட்டில்தான் அது முறிந்தது.

முதலில் இரண்டு வெட்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாடிக்குள் போனார்கள். மறுநாள் இன்னொருவர். கதிர்காமத்தம்பி பதறவில்லை. ஒரு குளிசைக்கு இரண்டாகக் கொடுத்தார். இரத்தம் நிற்கவில்லை. மூன்றாகக் கொடுத்தார். அப்போதும் நிற்கவில்லை.

"கடைக்காரன் பழசத் தந்திட்டான்" என்றார். புதுப் போத்தல் வந்தது. அதுவும் கேட்கவில்லை.

"அண்ணன், இது கண்ணூறுதான்" என்றான் பஸ்தியாம்பிள்ளை. வாவிக்கரையிலிருந்து வருடா வருடம் வெட்டுக்கு வரும் அவன்தான் வாடியில் வாய் நீண்டவன். "அடுத்த வட்டைக்காரனுகள் எல்லாரும் உங்கட போத்திலயே பாத்துப் பாத்து நாவூறு பட்டுப் போச்சு."

"குளிசைக்குமாடா கண்ணூறு படும்?"

அடுப்படியிலிருந்து நாகரெத்தினம் குரல் கொடுத்தாள். "கண்ணூறும் இல்ல, ஒண்டுமில்ல. வெள்ளிக்கு வெள்ளி அந்தக் குளிசையக் கண்டு கண்டு நோய்க்குப் பயம் விட்டுப் போச்சு. நீங்க கத்திறதக் கேட்டுக் கேட்டு எனக்குப் பயம் விட்டுப் போன மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். கதிர்காமத்தம்பியும் சிரித்தார்.

அடுத்த நாள் காலை அடுப்பு எரியவில்லை. நாகரெத்தினம் பாயில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் காய்ந்தது. குடித்த கஞ்சித் தண்ணீர் தங்கவில்லை. அவர் கொடுத்த குளிசைகளை மறுக்காமல் விழுங்கினாள். அவள் மறுக்காததுதான் அவரைக் கலக்கியது. பொழுது சாய்வதற்குள் அவளது கண் குழி விழுந்துவிட்டது. கையின் தோலைக் கிள்ளித் தூக்கினால் தூக்கியபடியே நின்றது.

"புள்ள, என்னோட ஒரு கதை சொல்லு. என்னய ஏசு. என்னத்தையாவது சொல்லு" என்றார்.

அவள் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

அவர் வாடியை விட்டு வெளியே வந்து, போடியாரின் உழவு இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அதன் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி மனைவியைக் கிடத்தினார். நோயாகக் கிடந்த மூவரையும் அவளுக்குப் பக்கத்தில் ஏற்றினார். அறுக்காத வயல் பின்னால் கிடந்தது. வழி முழுவதும் அவர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். வாவியைக் கடக்கும்போது கல்லடிப் பக்கத்து உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவள் கண் திறக்கவில்லை.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டொக்டர் மத்தேயு. கல்லடிக்காரர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. நாடியைப் பிடித்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், உடனே நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றச் சொன்னார். சோதனைக்கு மலம் எடுத்தார்கள். பிறகு தாதி றோஸ்மேரி ஒரு சின்னக் கிண்ணத்தில் மருந்து கொண்டுவந்தாள்.

கிண்ணத்துக்குள் மஞ்சளும் கறுப்புமான குளிசை.

டொக்டர்மார் முன்னால் நோயாளியின் வீட்டார் வாய் திறப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. 'ஓம் ஐயா, சரி ஐயா' என்பதோடு சரி. ஆனால் கதிர்காமத்தம்பிக்கு அடங்கிய குரல் என்று ஒன்று கிடையாது.

"இதா? மிஸி, இது எங்கட வாடியில போத்தில் போத்திலாக் கிடக்கு! இவளுக்கும் குடுத்துத்தான் கொண்டு வந்தன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டொக்டர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "எத்தினை குடுத்த நீங்க?"

"இப்ப குடுத்தது கிடக்கட்டும். நான் வருசா வருசம் குடுக்கிற ஆள். நோய் வந்தாப் பிறகு இல்ல, வர முந்தியே. வெள்ளிக்கு வெள்ளி வாடியில எல்லாருக்கும் ஒண்டு. என்ட வட்டையப் பாத்துத்தான் குளத்தச் சுத்தி எல்லாரும் குடுக்கிறானுகள்." பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை, மறைக்க நினைக்கவும் இல்லை.

டொக்டரின் முகம் மாறியது. கிண்ணத்தை றோஸ்மேரியிடம் திருப்பிக் கொடுத்தார். "இது வேணாம். அம்பிசிலின் ஊசி போடுவம். இவவோட வந்த மூண்டு பேருக்கும் அதுதான்." பிறகு கதிர்காமத்தம்பியைப் பார்த்தார். "நீங்க இத வாய் விட்டுச் சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லாட்டி இதக் குடுத்துக்கொண்டு சும்மா நாளக் கடத்தியிருப்பம். அவவுக்கு அவ்வளவு நாள் இல்ல."

"அப்ப இந்த ஊசி கேக்குமா?"

"கேக்கும் எண்டு நினைக்கிறன். நிச்சயமா இப்ப சொல்லேலாது."



போக எழுந்த டொக்டர் ஏதோ நினைத்துத் திரும்பினார். "உங்கட மலத்திலயும் கொஞ்சம் வேணும்."

"எனக்கென்ன? நான் கல்லுப் போல இரிக்கன்!"

"அதுக்காகத்தான் கேக்கன்."

றோஸ்மேரி ஒரு சின்னப் போத்தலை நீட்டினாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மிஸி, ஆளப் பாத்துப் போத்தில் தரக்கூடாதா?" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நாளும் அடுத்த நாளும் நாகரெத்தினம் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று கிடந்தாள். உப்புநீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஊசி போட்டார்கள். கதிர்காமத்தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றார், பிறகு விறாந்தையில் நின்றார், பிறகு மறுபடியும் கால்மாட்டில் நின்றார். வெட்டு என்னவாயிற்று என்று கேட்கப் போடியார் ஆள் அனுப்பினார். "வயல் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு காலையில் டொக்டர் அவரைச் சோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். மேசையில் மூடி போட்ட வட்டமான கண்ணாடித் தட்டுகள் இருந்தன. உள்ளே கஞ்சி உறைந்தது போல ஒரு படை. அதன் மேல் மெல்லிய பாசி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. நடுவே சின்னச் சின்னக் கடதாசி வட்டங்கள்.

"இந்தப் பாசிதான் உங்கட மனிசியின்ட வயித்தில இருந்த கிருமி. தட்டு முழுக்க விதைச்சு விட்டம். கடதாசி ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கு. மருந்து கேட்டா கடதாசியச் சுத்திக் கிருமி முளைக்காது. இந்தா, இது உங்கட மஞ்சள் குளிசை."

கதிர்காமத்தம்பி குனிந்தார். வாழ்நாள் முழுவதும் முளைத்த நிலத்தையும் முளைக்காத நிலத்தையும் பார்த்த கண்கள் அவை. மஞ்சள் குளிசையின் மருந்து ஊறிய கடதாசியின் விளிம்பு வரைக்கும் பாசி செழித்துக் கிடந்தது. வரம்பை முட்டிக்கொண்டு நிற்கும் பயிர் போல நின்றது. பக்கத்தில் இன்னும் மூன்று கடதாசிகளும் அப்படியே. ஒன்றைச் சுற்றி மட்டும் விதை விழாத நிலம் போல வெறும் வட்டம்.

"இந்த வட்டம்?"

"அம்பிசிலின். இப்ப போடுற ஊசி."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு இறங்கியது. "அப்ப தப்பிடுவாள்."

"தப்பிடுவா. காய்ச்சல் இறங்கத் தொடங்கிட்டு." டொக்டர் இன்னொரு தட்டை எடுத்தார். "இது உங்கட."

"எனக்குத்தான் நோய் இல்லையே?"

"இது நோய்க் கிருமி இல்ல. எல்லார்ட வயித்திலயும் இருக்கிற சாதுவான கிருமி. இதால ஒரு கெடுதியும் இல்ல. ஆனாப் பாருங்க."

அவர் பார்த்தார். மனைவியின் தட்டில் எந்தெந்தக் கடதாசி தோற்றதோ, இதிலும் அதே கடதாசிகள் தோற்றிருந்தன.

"மஞ்சள் குளிசை சரி, நான் விழுங்கினன்" என்றார் மெதுவாக. "இந்த மற்றதுகள்?"

"ஸ்ரெப்ரோமைசின், சல்பா, குளோரம்பெனிக்கோல்."

"அதுகள நான் கண்ணாலயும் காணல்லயே, டொக்குத்தர் ஐயா! காணாத மருந்துக்கும் இதுகள் எப்பிடிப் பழகின?"

டொக்டர் ஒரு முக்காலியை இழுத்து அவரை இருத்தினார். கிருமிகள் பழகுவதில்லை என்றார். கோடிக்கணக்கான கிருமிகளில் எங்கோ ஒன்றிரண்டு அந்த மருந்தைத் தாங்கும் குணத்தோடு இருக்கும். குளிசை விழுந்ததும் மற்றவை சாகும், அவை பிழைக்கும். பிறகு இடமெல்லாம் அவற்றின் இடம். நோய் இல்லாதவருக்கு வாரா வாரம் ஒரு குளிசை கொடுத்தால், நோயே இல்லாத வயிற்றில் வாரா வாரம் அவற்றுக்கு இடம் துப்புரவாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

"அது விளங்குது. களைக்கு மருந்தடிச்சா, சாகாத கோழிச்சூடன் பிறகு வயலெல்லாம் அதாத்தான் நிக்கும்" என்றார் கதிர்காமத்தம்பி. கோழிச்சூடன் நெல்லைப் போலவே முளைத்து உழவனை ஏமாற்றும் புல். "ஆனா ஐயா, என்ட வயித்தில இருந்தது சாதுவான ஆள். அவள்ட வயித்தில வந்தது நோய்க் கிருமி. இது வேற சாதி, அது வேற சாதி. கோழிச்சூடன் தன்ட குணத்தப் பக்கத்தில நிக்கிற நெல்லுக்குக் குடுத்ததெண்டு நான் ஒருநாளும் காணல்லயே!"

டொக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். இந்தக் கேள்வியத்தான் பெரிய ஆக்களும் கேட்டவங்க. ஜப்பானில இதக் கண்டுபிடிச்சாப் பிறகுதான் நம்பினாங்க. பயிர் செய்யாதத இந்தக் கிருமிகள் செய்யும். ஒரு கிருமி இன்னொரு கிருமியத் தொட்டு, தன்ட பரம்பரைக் குணத்தில ஒரு துண்டப் படி எடுத்து அதுக்குக் குடுக்கும். வேற சாதிக்கும் குடுக்கும். அந்தத் துண்டில மஞ்சள் குளிசையத் தாங்குற குணம் மட்டுமில்ல, நாலு மருந்தத் தாங்குற குணம் ஒண்டாக் கட்டிக் கிடக்கலாம். வாங்கினவனுக்கு நாலும் சேந்து கிடைக்கும்."

"அப்ப அவள்ட நோய்க்கு நான்தான் குடுத்தனா?"

"ஆரு ஆருக்குக் குடுத்ததெண்டு சொல்லேலாது. உங்கட வாடியில நடந்திருக்கலாம், வேற எங்கயாவது நடந்து வந்திருக்கலாம். நோய் வந்தது தண்ணியாலயும் கையாலயும். அதக் குளிசை கொண்டு வரல்ல. வந்த நோய்க்கு மருந்து கேக்காமப் போனதுக்குத்தான் இது காரணம். கேக்கிற மருந்து இப்ப ஒண்டு மிச்சமிருக்கு. அதையும் போத்தில்ல வாங்கி வெள்ளிக்கு வெள்ளி குடுத்தா..."

"குடுக்க மாட்டன்" என்றார் கதிர்காமத்தம்பி. அவரது பழைய குரல் திரும்பியிருந்தது. தட்டுகள் மேசையில் அதிர்ந்தன.

அன்று பின்னேரம் நாகரெத்தினம் கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்தாள். "வெட்டு முடிஞ்சா?"

"இல்ல."

"அப்ப இஞ்ச நிண்டு என்ன செய்றீங்க?" என்றாள். கதிர்காமத்தம்பி விறாந்தைக்கு வந்து சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். நோய் மாறினாலும் கிருமி கொஞ்சக் காலம் வயிற்றில் இருந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். சோதித்து இல்லையென்று தெரியும் வரைக்கும் அவள் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது. உடன் வந்த மூவருக்கும் அதே கட்டளை. அவர்கள் மற்றவர்களின் சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது.

வாடிக்குத் திரும்பியது ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்கள் வழக்கம் போல வரிசையில் நின்றார்கள். முல்லைக்காரர் வெறுங்கையோடு வந்தார்.

"இனிமே காப்புக் குளிசை இல்ல" என்றார்.

"என்ன அண்ணன் சொல்றீங்க?" பஸ்தியாம்பிள்ளை வரிசையை விட்டு வெளியே வந்தான். "காப்பில்லாம இந்த வாய்க்காலுக்க எப்பிடி இறங்கிற? நான் ஊருக்குப் போறன்."

"போ. போறதுக்கு முந்தி இதக் கேட்டுப் போ." கண்ணாடித் தட்டில் கண்டதை அவர் தனக்குத் தெரிந்த சொல்லில் சொன்னார். கோழிச்சூடனைச் சொன்னார். ஒன்று இன்னொன்றுக்குக் கொடுப்பதைச் சொன்னார். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஆனால் வைக்கோலில் கிடத்திக் கொண்டுபோன நாகரெத்தினம் இப்போது மரநிழலில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போத்தல் போத்தலாகக் குளிசை இருந்தும் அவளைக் காப்பாற்றவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

"அப்ப நோய் வந்தா?"

"வந்தா நான் தூக்கிக்கொண்டு ஓடுறன், ஆஸ்பத்திரிக்கு. டொக்குத்தர் பாத்துக் குடுக்கிறத, அவர் சொன்ன நாள் முடியும் வரைக்கும் குடிக்கிற. ஒண்டயும் மடியில முடியக்கூடாது. வராம இருக்க வேணுமெண்டா வேற வேலை இரிக்கி. மம்பட்டிய எடுங்க."

அன்று காலை யாரும் கதிர் அறுக்கவில்லை. வாய்க்காலுக்கு எட்டத்தில், மேட்டு நிலத்தில் குழி வெட்டி ஓலை வைத்து மலசலகூடம் கட்டினார்கள். பஸ்தியாம்பிள்ளை ஊருக்குப் போகவில்லை. முனகிக்கொண்டே ஓலை பின்னினான். பக்கத்து வட்டைகளுக்கும் கதிர்காமத்தம்பி தானே நடந்து போய்ச் சொன்னார். அவற்றில் ஒன்றில் முல்லைக்காரராக இருந்த யாக்கோப்பு சிரித்தார். "உன்ட பொஞ்சாதி எழும்பினதும் மருந்தாலதானே?"

"ஓம், மருந்தாலதான். நோய்க்காரிக்குக் குடுத்த மருந்து. நீ குடுக்கிறது ஆருக்கு?"

யாக்கோப்பு உடனே விட்டுவிடவில்லை. அடுத்த வெட்டில்தான் விட்டார்.

இனிச் சோறாக்குவது யார் என்ற கேள்வி வந்தது. அதுவரை அடுப்பை எந்தப் பக்கம் ஊதுவது என்றுகூட அறியாத முல்லைக்காரர் சவர்க்காரத்தால் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு அடுப்படியில் குந்தினார். முதல் நாள் சோறு களியாகிவிட்டது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. குடிதண்ணீரைப் பெரிய பானையில் வைத்து, கொதித்துக் குமிழி எழும்பிய பிறகும் இறக்காமல் நின்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கருகப் போகுது, இறக்குங்க!" என்று மரநிழலிலிருந்து நாகரெத்தினம் சொன்னாள்.

வெட்டு முடிந்து சூடு அடித்துக் கொண்டிருந்தபோது அவளது கடைசிச் சோதனையும் நல்லபடியாக வந்தது. அவள் நேரே அடுப்படிக்குப் போய் அகப்பையைப் பறித்துக்கொண்டாள். பானையையும் தூக்கப் போனாள்.

"சோத்த நீ ஆக்கு. தண்ணி என்ட வேலை" என்றார் கதிர்காமத்தம்பி. "நீ கொதிக்க முந்தி இறக்கிப் போடுவாய்."

"கொதிச்ச தண்ணியையும் கத்திக் கத்தி மறுகா கொதிக்க வைக்கிற ஆள் நீங்க" என்றாள் அவள். அவர் விடவில்லை. அந்த வட்டையில் அதற்குப் பிறகு எத்தனையோ வெட்டு நடந்துவிட்டது. குடிதண்ணீர்ப் பானை இன்றைக்கும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.